மங்கல் வெளிச்சத்தில் சுஷி: ஏமாற்றியது மீனா, சோறா?

கேள்வி | ஜனவரி 12, மாலை 5:20

சென்ற வாரம் ஒரு சிறிய சுஷி உணவகத்துக்குப் போயிருந்தோம். மங்கலான விளக்குகள், மெல்லிய இசை, பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் உட்கார இடமில்லாத அறை. மிகுந்த ஆவலோடு போனவர்கள் அரை வயிற்றோடும் முழு எரிச்சலோடும் திரும்பினோம். மீன் புதிதாக இல்லை என்பது என் முடிவு. சுஷி சரியில்லை என்றால் மீன் சரியில்லை என்றுதானே பொருள்? வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

ஜனவரி 12, இரவு 11:40

சோறு. ஒரே சொல்லில் பதில் வேண்டுமென்றால் அதுதான். விரிவாக எழுதுவதற்குக் காரணம், ஏறக்குறைய இதே போன்ற ஓர் இரவுச் சாப்பாட்டை அண்மையில் நானும் சாப்பிட்டேன் என்பதுதான்.

தங்கைக்குப் பதவி உயர்வு கிடைத்ததைக் கொண்டாட அவளே தேர்ந்தெடுத்த இடம் அது. சமையல்காரர் நிற்கும் பலகைக்கு முன்னால் ஆறு இருக்கைகள். அவற்றில் எங்களுக்கு இடமில்லை. சுவரோரம் இருந்த மேசை ஒன்றில் உட்காரவைத்தார்கள். தலைக்கு மேலே காகிதக் கூடு மாட்டிய ஒரு விளக்கு எரிந்தது. எரிந்தது என்று சொல்வதுகூட அதற்குச் செய்யும் மரியாதைதான். மெனுவைக் கைப்பேசியின் டார்ச் வெளிச்சத்தில் படித்தோம். பக்கத்து மேசைக்காரர்களும் அப்படியே படித்துக்கொண்டிருந்ததால் எங்களுக்கு வெட்கமாக இல்லை.

முதலில் வந்தது நிகிரி. அதாவது, கையால் பிடித்த சிறு சோற்று உருண்டையின் மேல் ஒரு துண்டு மீன். நல்ல நிகிரியை விரலால் எடுக்கும்போது உருண்டை குலையாமல் நிற்கும். வாயில் வைத்து நாக்கால் அழுத்தினால் தானாகவே பிரியும். எங்களுக்கு வந்தது நேர்மாறாக நடந்துகொண்டது. எடுக்கும்போதே மீன் ஒரு பக்கமாகச் சரிந்து தட்டில் விழுந்தது. சோறு மட்டும் கட்டியாகக் கையில் நின்றது. கடித்தால் ஒவ்வொரு பருக்கையின் நடுவிலும் ஒரு கடினமான முனை பல்லில் தட்டுப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது குளிர்ந்திருந்தது, மீனைவிடக் குளிர்ந்திருந்தது.

தங்கை பரிமாறியவரிடம் பணிவாகத்தான் கேட்டாள். அவர் புன்னகை மாறாமல், “சுஷி என்றால் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், மேடம்” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுஷிக்கான சோற்றை ஜப்பானியச் சமையல்காரர்கள் ஷாரி என்பார்கள். வேகவைத்த குட்டை அரிசிச் சோற்றைச் சூடாக இருக்கும்போதே ஹாங்கிரி என்னும் அகன்ற மரத்தொட்டியில் கொட்டி, அரிசி வினிகர், உப்பு, சர்க்கரை கலந்த கரைசலைத் தெளித்து, பருக்கை உடையாதபடி அகப்பையால் வெட்டிவெட்டிக் கலந்து, விசிறியால் ஆற்றுவார்கள். ஆற்றுவது என்றால் குளிரவைப்பதன்று. உடலின் சூட்டுக்குக் கொண்டுவருவது. ஏறத்தாழ 36 அல்லது 37 பாகை செல்சியஸ். அந்தச் சூட்டில்தான் மேலே இருக்கும் மீனின் கொழுப்பு இளகத் தொடங்குகிறது. வினிகரின் மணமும் எழுகிறது. குளிர்பெட்டியில் வைத்து எடுத்த சோற்றில் இவை இரண்டுமே நடப்பதில்லை. வெந்தபோது நீரை உறிஞ்சித் தளர்ந்த மாவுச்சத்து, ஆறும்போது மறுபடியும் நெருங்கி இறுகத் தொடங்கும். உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும் குளிர்பெட்டியின் வெப்பநிலையில்தான் அந்த இறுக்கம் மிக விரைவாக நடக்கிறது. பல்லில் தட்டுப்பட்ட முனை அதுதான்.

ஆக, மீன் எப்படி இருந்தது என்று கேட்டால், தெரியாது என்பதே நேர்மையான பதில். அந்தச் சோற்றின் மேல் எந்த மீனை வைத்திருந்தாலும் அதை மதிப்பிட வழியிருந்திருக்காது.

ஜனவரி 13, காலை 6:15

ஒன்று விடுபட்டுவிட்டது. புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப் நன்றாக இருந்தது. மூடியிட்ட கிண்ணத்தில் ஆவி பறக்க வந்தது. அன்று இரவு அந்த மேசைக்குச் சூடாக வந்த ஒரே பண்டம் அதுதான் என்பதால் என் பாராட்டில் கொஞ்சம் நன்றியுணர்ச்சியும் கலந்திருக்கலாம்.

ஜனவரி 13, பகல் 1:05

சோற்றை வெளியே வைத்திருந்தால் கெட்டுவிடும், சுகாதார விதிகளின்படி குளிர்பெட்டியில்தான் வைத்தாக வேண்டும், உணவகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. வெந்த சோற்றை அறைச்சூட்டில் விட்டுவைத்தால் பாசிலஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிர் பெருகும். அது உண்டாக்கும் நச்சுகளில் ஒன்றை மறுபடி சூடாக்கினாலும் அழிக்க முடியாது. வெறும் சோற்றுக்கு அந்த அச்சம் நியாயமானது.

ஆனால் ஷாரி வெறும் சோறன்று. வினிகர் சேர்ப்பது சுவைக்கு மட்டுமன்று. அமிலத்தன்மை கூடியதும் அந்த நுண்ணுயிர் வளர முடியாமல் போகிறது. அமெரிக்காவில் பல சுகாதாரத் துறைகள், சோற்றின் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடுதல்) 4.6க்குக் கீழே இருப்பதை உணவகம் அளந்து பதிவு செய்து காட்டினால், அதை அறைச்சூட்டிலேயே வைத்துக்கொள்ள அனுமதிக்கின்றன. சில இடங்களில் 4.2 என்ற இன்னும் கடுமையான வரம்பு உண்டு. இதற்குத் தேவைப்படுவது ஓர் அளவுக் கருவியும், ஒரு குறிப்பேடும், ஒவ்வொரு முறையும் அதை எழுதிவைக்கும் பொறுமையும்தான். குளிர்பெட்டியில் தள்ளிவிடுவது அதைவிட எளிது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எளிது என்பது வேறு, விதி கட்டாயப்படுத்துகிறது என்பது வேறு.

ஜனவரி 13, இரவு 10:30

வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உணவகத்தார் எதையோ மறைக்கத்தான் விளக்கைக் குறைக்கிறார்கள் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். அவ்வளவு தூரம் போக எனக்கு மனமில்லை. ஆனால் மங்கல் வெளிச்சம் எதை மறைக்கும் என்பதைச் சொல்ல முடியும்.

மீன் தட்டு வந்ததும் தங்கை கேட்டாள்: “அண்ணா, இதில் எது சால்மன், எது டூனா என்று உனக்குத் தெரிகிறதா?” எனக்குத் தெரியவில்லை. ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டியதும் ரத்தச் சிவப்பில் இருக்க வேண்டியதும் ஒரே பழுப்பாகக் கிடந்தன. இதில் வியப்பில்லை. வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்கு நீலமும் பச்சையும் தெரியும் அளவுக்குச் சிவப்பு தெரிவதில்லை; அது கறுத்துப்போகிறது. புர்கின்யே என்ற செக் நாட்டு உடலியலாளர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அதோடு மஞ்சள் பூத்த விளக்கும் சேர்ந்துகொண்டால், தட்டில் இருப்பவற்றுக்கு இடையிலான நிற வேறுபாட்டில் பாதி தொலைந்துவிடும்.

டூனாவைப் பொறுத்தவரை நிறம் வெறும் அழகன்று. அதன் சிவப்பு மயோகுளோபின் என்ற புரதத்தால் வருவது. அது காற்றோடு கலந்து மாறும்போது இறைச்சி பழுப்பாகிறது. சாதாரண உறைபெட்டியின் -20 பாகையில்கூட அந்த மாற்றம் நிற்பதில்லை என்பதால்தான், நெடுநாள் கடலில் இருக்கும் கப்பல்கள் டூனாவை -60 பாகையில் உறையவைத்துக் கொண்டுவருகின்றன. பழுப்பு ஏறிய துண்டை நல்ல வெளிச்சத்தில் நீட்டினால் வாடிக்கையாளர் புருவத்தை உயர்த்துவார். காகிதக் கூட்டு விளக்கின் கீழே நீட்டினால், இடத்தின் அழகைப் பாராட்டுவார்.

இன்னொரு பக்கமும் உண்டு. மிகப் பளிச்சென்ற சிவப்பையும் நம்பிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாயுவைச் செலுத்திய டூனா, பழசான பிறகும் தர்பூசணி நிறத்திலேயே இருக்கும். ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் அதற்குத் தடை விதித்திருக்கின்றன, அமெரிக்காவில் தடையில்லை.

ஜனவரி 14, காலை 7:50

நேற்று இரவு எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த அறை முழுவதுமே இருட்டாக இல்லை. சமையல்காரரின் பலகைக்கு மேலே மட்டும் வெள்ளை விளக்குகள் இரண்டு நேராக இறங்கின. அங்கே உட்கார்ந்திருந்த ஆறு பேருக்கு வெட்டும் கத்தியிலிருந்து மீனின் நார் வரைக்கும் எல்லாமே தெரிந்திருக்கும். இருட்டு எங்களைப் போன்ற மேசைக்காரர்களுக்குத்தான். ஆகவே, ஒளிக்கத்தான் விளக்கைக் குறைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு இந்த உணவகத்துக்குப் பொருந்தாது. வெளிச்சத்தை எங்கே செலவிட வேண்டும் என்பதில் அவர்கள் தெளிவாகவே இருந்தார்கள். நாங்கள்தான் அந்தக் கணக்கில் வரவில்லை.

ஜனவரி 14, மாலை 6:25

“எவ்வளவு புதிய மீனோ அவ்வளவு நல்ல சுஷி” என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். இதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கேள்வி கேட்டவரின் முடிவே இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

முதலாவதாக, பச்சையாகப் பரிமாறப்படும் மீன்களில் பெரும்பாலானவை ஒருமுறை உறைந்து எழுந்தவையே. பல நாடுகளில் அதுதான் விதியும்கூட. மீனுக்குள் வாழும் அனிசாகிஸ் போன்ற ஒட்டுண்ணிப் புழுக்களைக் கொல்வதற்காக, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல் மீனை -20 பாகையில் 7 நாள்கள் வைக்கச் சொல்கிறது. அல்லது -35 பாகையில் உறையவைத்து அதே குளிரில் 15 மணி நேரம். டூனா வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் -20 பாகையில் 24 மணி நேரம் போதும் என்கிறது. “சுஷித் தரம்” என்று கடையில் ஒட்டியிருக்கும் சீட்டுக்கு அமெரிக்கச் சட்டத்தில் எந்த வரையறையும் இல்லை. விற்பவர் சொல்லும் வாக்குறுதி, அவ்வளவுதான்.

இரண்டாவதாக, சுவை பிடித்த கணத்தில் உச்சத்தில் இருப்பதில்லை. மீன் இறந்தபின் அதன் தசையில் இருக்கும், ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு சிதைந்து இனோசினிக் அமிலமாகிறது. நாம் ‘உமாமி’ என்று உணரும் சுவைக்கு அது முக்கியமான காரணம். 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகெதா கடற்பாசிச் சாற்றில் அதே சுவையைத் தரும் குளூட்டமேட்டைக் கண்டறிந்தார். அவருடைய மாணவர் ஷிந்தாரோ கொதாமா 1913இல் உலர்ந்த மீனில் இனோசினேட்டை, அதாவது இந்த அமிலத்தின் உப்பைக் கண்டறிந்தார். இரண்டும் சேர்ந்தால் சுவை பல மடங்கு எழுகிறது. சோயா சாஸில் குளூட்டமேட் இருப்பதால் மீனும் சோயாவும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன. பெரிய டூனாவைச் சமையல்காரர்கள் சில நாள்கள் குளிரில் பதப்படுத்தியே வெட்டுகிறார்கள். கத்தி பட்டதும் துடிக்கும் மீனுக்கு மென்மையும் இல்லை. சுவையும் இன்னும் வந்து சேரவில்லை.

மூன்றாவது, சால்மன். இன்று சுஷி என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் இந்த மீனை, புழுக்களுக்கு அஞ்சி ஜப்பானியர்கள் நெடுங்காலம் பச்சையாகச் சாப்பிட்டதில்லை. 1980களின் நடுவில் பண்ணையில் வளர்த்த சால்மனை விற்க நார்வே நாட்டார் அங்கே போய்ப் பல ஆண்டுகள் முயன்றார்கள். அதன் பிறகுதான் அது நிகிரியின் மேல் ஏறியது. மரபு மரபு என்று பேசுகிறவர்கள் தட்டில் முதலில் எடுப்பது அதைத்தான் என்பது எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும்.

ஜனவரி 14, இரவு 9:10

மெனுவில் ‘வெள்ளை டூனா’ என்று ஒன்று இருந்ததா என்று கேட்டவருக்கு: இருந்தது. நாங்கள் அதை வரவழைக்கவில்லை.

நீங்களும் வரவழைக்குமுன் என்ன மீன் என்று கேளுங்கள். அந்தப் பெயரில் எஸ்கோலார் என்னும் வேறொரு மீன் வரக்கூடும். வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு இறங்கும், மிக நன்றாகவே இருக்கும். ஆனால் அதன் கொழுப்பு நம் உடலால் செரிக்க முடியாத மெழுகு வகை என்பதால், கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டவர்கள் மறுநாள் கழிவறையை விட்டு அகல முடியாது. ஜப்பானில் அதை விற்கவே தடை. கடல் பாதுகாப்புக்காக இயங்கும் ஓசியானா அமைப்பு 2010 முதல் 2012 வரை அமெரிக்காவில் 1,215 மீன் மாதிரிகளை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி, 2013இல் முடிவுகளை வெளியிட்டது. மூன்றில் ஒரு பங்கு மாதிரிகள் தவறான பெயரில் விற்கப்பட்டவை. சோதித்த சுஷி உணவகங்களில் 74 விழுக்காட்டில் குறைந்தது ஒரு மாதிரியாவது பெயர் மாறியிருந்தது. வெள்ளை டூனா என்று விற்றதில் பெரும்பகுதி எஸ்கோலார்.

கேள்வி கேட்டவரின் சந்தேகத்துக்கு இந்த அளவுக்கு நான் இடம் தருகிறேன். மீனில் ஏமாற்று நடக்கும். ஆனால் அது பெயரில் நடக்கிறது. நாக்கு அதைக் கண்டுபிடிப்பது அரிது. நாக்கு உடனே கண்டுபிடிப்பது சோற்றை.

ஜனவரி 15, காலை 8:30

ஆதி சுஷியில் சோற்றையே தூக்கி எறிந்தார்கள், நீங்கள் ஏன் சோற்றைப் பிடித்துத் தொங்குகிறீர்கள் என்று ஒரு கேள்வி. இந்த இழையில் இதுவரை வந்த மறுப்புகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

உண்மைதான். உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் புளிக்கவிடுவார்கள். சோறு குழைந்து புளித்து மீனைக் காக்கும். சாப்பிடும்போது சோற்றை வழித்து எறிந்துவிட்டு மீனை உண்பார்கள். ஜப்பானின் பிவா ஏரிக்கரையில் ஃபுனாசுஷி என்ற பெயரில் இது இன்றும் இருக்கிறது. ஆனால் அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். காத்திருக்கும் காலத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். சோறு முழுதாகக் குழையுமுன்பே எடுத்து மீனோடு சேர்த்து உண்டார்கள். பிறகு புளிக்கும்வரை காத்திராமல் வினிகரையே ஊற்றினார்கள். இன்றைய தோக்கியோவான ‘எதோ’ என்னும் நகரத்தில், 1820களில் ஹனாயா யோஹெய் என்பவர் வினிகர்ச் சோற்றைக் கையில் பிடித்து மீனை வைத்துக் கொடுத்து நிகிரியைப் பரப்பினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. அந்தக் காலத்துச் சோற்றுக்கு நிறமும் உண்டு. ஹண்டா ஊரைச் சேர்ந்த நகானோ மதாசாஎமோன் 1804 வாக்கில் சாகே என்னும் அரிசி மது வடித்த சக்கையிலிருந்து வினிகர் தயாரிக்கத் தொடங்கினார். அந்தச் செந்நிற வினிகர் எதோவின் சுஷிக்காரர்களிடம் பெயர்பெற்றது. இன்றும் பழைய முறையைப் பின்பற்றும் சில கடைகளில் சோறு இளம்பழுப்பாக இருப்பது அதனால்தான்.

இந்த வரலாறு முழுவதும் சோறு மேலே ஏறிவரும் கதை. குப்பைக்குப் போனது தட்டின் நடுவுக்கு வந்தது. எங்கள் உணவகம் அதை மறுபடியும் குப்பைக்குத் தகுதியாக்கியது. ஆனால் மாதக்கணக்கில் புளிக்கவைத்த உழைப்பு மட்டும் அதில் இல்லை.

ஜனவரி 15, பகல் 12:40

மேலே எழுதியதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. எதோவில் நிகிரி தெருவோரத் தள்ளுகடைப் பண்டம். நின்றபடி, கையால் எடுத்து, இரண்டு வாய் தின்றுவிட்டு நடையைக் கட்டுவார்கள். உருண்டையும் இன்றையதைவிடப் பெரிது. 1923இல் பெரும் நிலநடுக்கம் தோக்கியோவைச் சிதைத்தபோது சமையல்காரர்கள் பலர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினார்கள். அந்தச் சுஷி நாடெங்கும் பரவ அதுவும் ஒரு காரணம். 1958இல் யோஷியாகி ஷிராய்ஷி ஒசாகாப் பகுதியில் சுழலும் பட்டையில் தட்டுகளை ஓடவிட்டதும் வேகத்துக்காகத்தான். குழலிசை, காகித விளக்கு, கிசுகிசுப்பான பேச்சு எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. அவற்றின் மேல் எனக்குப் பகையில்லை. ஆனால் அவற்றை மரபு என்று சொல்லி, அந்த மரபின் பேரில் மெதுவாகப் பரிமாறினால் மறுப்பேன்.

ஜனவரி 15, இரவு 11:15

மெதுவாகப் பரிமாறுவது என்றேன். அதை விளக்க வேண்டும், ஏனென்றால் சோற்றுக்கு அடுத்த பெரிய ஏமாற்றம் அதுதான்.

கைச்சுருள் என்று ஒன்றைக் கொண்டுவரச் சொன்னோம். நோரி என்னும் கடற்பாசித் தாளைக் கூம்பாகச் சுருட்டி, உள்ளே சோறும் மீனும் வைத்துத் தருவது. நோரியின் அழகெல்லாம் அந்த முதல் கடியில் எழும் நொறுங்கல் ஒலியில்தான் இருக்கிறது. அது காற்றிலிருந்தும் சோற்றிலிருந்தும் ஈரத்தை உடனே இழுத்துக்கொள்ளும். ஓரிரு நிமிடத்தில் சவுத்துப்போகும். அதனால்தான் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கைக்கே சமையல்காரர் நேராக நீட்டுவார். எங்கள் சுருளைச் சமையல்காரர் செய்து முடித்துப் பலகையின் ஓரத்தில் வைத்ததை நான் பார்த்தேன். பரிமாற ஒரே ஆள். அவர் வேறொரு மேசையில் பில் அட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவருகே காத்திருந்தவர்களிடம் பேசினார். பிறகு தண்ணீர் எடுத்துவந்தார். சுருள் அங்கேயே, வெள்ளை விளக்கின் கீழே, எல்லோருக்கும் நன்றாகத் தெரியும்படி நின்றது. கைக்கு வந்தபோது அதைக் கடிப்பது ஈரமான அட்டையைக் கடித்து இழுப்பது போல இருந்தது. தங்கை இழுத்த இழுப்பில் உள்ளே இருந்ததெல்லாம் மடியில் விழுந்தது.

நோரிக்கு இப்படி ஒரு முடிவு நேர்ந்ததில் எனக்குக் கூடுதல் வருத்தம் உண்டு. ஒரு காலத்தில் ஜப்பானில் அதை நம்பிப் பயிரிடவே முடியாது. வித்துகள் கோடையில் எங்கே போகின்றன என்று யாருக்கும் தெரியாது. 1949இல் கேத்லீன் டுரூ என்ற ஆங்கிலேய அறிவியலாளர் அந்தப் பாசி தன் வாழ்வின் ஒரு பருவத்தைச் சிப்பி ஓடுகளுக்குள் கழிக்கிறது என்று கண்டறிந்து எழுதினார். அதை வைத்துத்தான் ஜப்பானியர்கள் நோரியைத் திட்டமிட்டு வளர்க்கக் கற்றார்கள். குமமோதோ மாகாணத்தின் உதோ நகரில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பி, ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று வழிபாடும் நடத்துகிறார்கள். இவ்வளவும் நடந்து வந்து சேர்ந்த தாள், பில் அட்டைக்காகக் காத்திருந்து வீணானது.

ஜனவரி 16, காலை 6:40

சுஷியோடு வைக்கும் காரமான பச்சை விழுதான வசாபி பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: தட்டில் பச்சை உருண்டையாக வந்தது வசாபி அன்று. குதிரைமுள்ளங்கி, கடுகு, பச்சை நிறம் கலந்த கலவை. பெரும்பாலான இடங்களில் அதுதான் வரும். அதற்காக யாரையும் திட்டமாட்டேன். உண்மையான வசாபித் தண்டைத் துருவியதும்தான் அதன் காரம் பிறக்கிறது, கால் மணி நேரத்துக்குள் மங்கிவிடுகிறது. எங்கள் உணவகத்தின் பரிமாறும் வேகத்துக்கு அது தாங்கியிருக்காது.

ஜனவரி 16, மாலை 4:55

குளிர்ந்த சுஷியே கூடாது என்று நான் சொல்வதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படியன்று. ஒசாகாவில் மரப்பெட்டியில் அழுத்தி வெட்டும் சுஷி வகைகள், குறிப்பாகக் கானாங்கெளுத்தி வைத்துச் செய்வது, முன்கூட்டியே செய்து வைத்து ஆறிய பிறகு உண்பதற்கென்றே உருவானவை. அவற்றில் சர்க்கரை கூடுதல். சோறு இறுகாமல் இருக்க அது உதவுகிறது. ரயில் பயணத்துக்குக் கட்டிக்கொண்டுபோகும் பொட்டலமும் அப்படித்தான். நான் குறை சொல்வது, சூட்டோடு பிடித்துக் கையில் கொடுப்பதற்கென்று உருவான ஒரு பண்டத்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, அதுதான் அதன் இயல்பு என்று சொன்னதை.

இன்னொன்று. எனக்கு அந்தச் சமையல்காரர் மேல் கோபமில்லை. அவருடைய கத்தி வேலை நன்றாக இருந்தது என்றுகூடத் தோன்றுகிறது. மீன் துண்டுகளின் தடிமன் ஒரே சீராக இருந்தது, நாருக்குக் குறுக்கே சரியான சாய்வில் வெட்டியிருந்தார். ஒரே ஆள், மாலையில் ஒரு முறை சோறு வடித்து, மிச்சத்தைப் பெட்டியில் வைத்து, இரவு முழுவதும் அதிலிருந்தே எடுக்கிறார். சிறிது சிறிதாக வடித்துக்கொண்டே இருக்க இன்னொரு கை வேண்டும். அந்தக் கைக்கான கூலி காகித விளக்குகளுக்கும் சுவர்ப் பலகைகளுக்கும் போய்விட்டதோ என்னவோ. உணவகம் நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

ஜனவரி 17, இரவு 9:45

உணவகம் நடத்தியவர் ஒருவர் எழுதிவிட்டார், நன்றி. அவர் சொல்வதன் சாரம்: சோற்றைச் சூடு காக்கும் மூடிய கலத்தில் வைத்தாலே சில மணி நேரம் உடற்சூட்டில் நிற்கும், தனியாக ஆள் தேவையில்லை, தேவை அக்கறைதான். நான் கூலியின் மேல் போட்ட பழியை அவர் அக்கறையின் மேல் போடுகிறார். அவருடைய பேச்சில்தான் நியாயம் கூடுதலாகத் தெரிகிறது. ஏனென்றால் சூப்பைச் சூடாக வைத்திருக்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஜனவரி 18, காலை 7:20

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, சரி, அடுத்த முறை என்ன செய்வது என்கிறார். நான் செய்யப்போவதைச் சொல்கிறேன்.

மேசை வேண்டாம். பலகைக்கு முன்னால் இடம் கிடைக்கும் நாளாகப் பார்த்துப் போவேன்; அங்கே வெளிச்சமும் இருக்கும், சுருளும் கைக்கு நேராக வரும். கடை திறந்ததும் போவேன், சோறு அப்போதுதான் ஆறியிருக்கும். சோயா சாஸில் சோற்றுப் பக்கத்தை நனைக்கமாட்டேன், மீன் பக்கத்தை மட்டும் தொடுவேன். நனைந்த சோறு குலைந்தால் பழியை யார் மேல் போடுவது என்று தெரியாமல் போகும். முதலில் நிறைய வரவழைக்காமல் தாமாகோ நிகிரி ஒன்று மட்டும் சொல்வேன். மேலே இருப்பது முட்டை என்பதால் மீனைப் பற்றிய குழப்பமே இல்லை. முட்டையைச் சுருட்டிய கையின் பக்குவமும் கீழே இருக்கும் சோறும் இரண்டே வாயில் தெரிந்துவிடும்.

தங்கை அடுத்த வாரத்துக்கு வேறொரு இடத்தில் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டாள், பலகைக்கு முன்னால் இரண்டு இருக்கை. தாமாகோ குளிர்ந்து வந்தால் ஆளுக்கொரு மிசோ சூப்பைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.